பழியை வயதின் மேல் போடாதீர்கள்

“அறுபதைத் தாண்டியாச்சு, இனி பல்லு ஆடாம என்ன செய்யும்?” பிள்ளைகள் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள், பல் ஆடுகிறவரே சொல்லிக்கொள்கிறார். முறுக்குத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, சோற்றைக் குழைய வடித்து ரசம் ஊற்றிப் பிசைந்து கொடுக்கப் பழகிவிடுகிறோம். நரையைப் போல, தோல் சுருக்கத்தைப் போல இதுவும் மூப்பின் அடையாளம் என்று நம்புகிறோம். இந்த நம்பிக்கை தவறு. காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களை இது பறிகொடுக்க வைக்கிறது.

ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞர், 1970இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்துக் குறித்துவைத்தார். அவருடைய குழுவினர் 15 ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய் அவர்களையே பார்த்தார்கள். பல் துலக்கும் வழக்கமும் பல் வைத்தியமும் எட்டாத மக்கள் அவர்கள். அந்த நிலைமையை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. எல்லோர் பல்லிலும் அழுக்கு, எல்லோர் ஈறிலும் வீக்கம். ஆனாலும் 100க்கு 8 பேருக்கு நோய் வேகமெடுத்து, 45 வயதுக்குள் எல்லாப் பற்களும் போயின. 81 பேருக்கு அது நிதானமாக முற்றியது. மீதி 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. ஒரே மாதிரித் தோட்டங்கள், ஒத்த வயது, ஒரே பழக்கம். பல்லை விழவைப்பது வயதுதான் என்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? உடல்வாகுக்கு இதில் பங்கு உண்டு. நாம் அந்த 8 பேரில் ஒருவரா, 11 பேரில் ஒருவரா என்பது முன்கூட்டித் தெரியாது. அதனால் ‘எங்க தாத்தாவுக்குக் கடைசிவரை பல்லு இருந்தது’ என்ற தைரியமும் உதவாது.

சுவீடனில் கார்ல்ஸ்டாட் நகரில் 1972இல் தொடங்கிய ஆய்வு எதிர்ப்பக்கத்தைக் காட்டியது. அங்கே பெரியவர்களுக்குப் பல்லையும் பல்லிடுக்கையும் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்து, குறிப்பிட்ட இடைவெளியில் வரவழைத்துக் கவனித்தார்கள். 30 ஆண்டுகளில் ஓர் ஆளுக்குச் சராசரியாக இரண்டு பல்கூடப் போகவில்லை. அவர்களுக்கும் வயது 30 கூடித்தான் இருந்தது.

ஈறோரத்தில் படியும் கிருமிப் படலம்தான் தொடக்கம். துலக்காமல் விட்டால் அது இறுகிக் காரையாகிறது. பிறகு எந்த பிரஷ்ஷுக்கும் அசையாது. ஈறு வீங்கிப் பல்லைவிட்டு விலகுகிறது, அந்தப் பள்ளத்துக்குள் கிருமி இறங்குகிறது, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது. பெரும்பாலும் வலியே இருக்காது. துலக்கித் துப்பும்போது நுரையில் தெரியும் இளஞ்சிவப்புதான் ஆரம்ப எச்சரிக்கை. அதைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தில் பிரஷ் படாமல் ஒதுக்குகிறோமே, அது நோய்க்குச் செய்யும் உபகாரம். மென்மையான பிரஷ்ஷை ஈறோரமாகச் சாய்த்துப் பிடித்து அங்கேதான் இன்னும் பொறுமையாகத் துலக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குப் பிறகும் ரத்தம் நிற்காவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடைப்பதில்லை. ரத்தக் கசிவு குறைந்து, உள்ளே எலும்பு கரைவது வெளியே தெரியாமல் போகிறது. சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும். முற்றிய ஈறு நோய் சர்க்கரையையும் ஏற்றிவிடும்.

‘கிளீனிங் பண்ணினா பல்லு ஆடிப்போகும்’ என்ற பேச்சு, வயதின் மேல் பழிபோடுவதைவிட மோசமானது. எலும்பு கரைந்த பல்லை, சரியும் சுவருக்கு வைத்த முட்டுபோல, காரைதான் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரியவருகிறது. வீக்கம் வடிந்ததும் ஏற்கெனவே இருந்த இடைவெளி தெரியவருகிறது. சில நாள் பல் கூசும், பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும். ஆட்டத்துக்குக் காரணம் அத்தனை வருடம் தங்கியிருந்த காரை. பழி மட்டும் அதை எடுத்தவர் மேல். இந்த ஒரு வதந்தியால் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வேதனை.

வயதோடு சேர்ந்து வரும் தடைகள் இல்லாமல் இல்லை. ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபைன் மாத்திரை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். தானாக மாத்திரையை நிறுத்தாமல், எழுதிக்கொடுத்தவரிடம் சொன்னால் மாற்றித் தர வழி உண்டு. வேறு பல மருந்துகள் எச்சிலை வற்றவைக்கும். மூட்டு வாதத்தில் விரல் மடங்காத அம்மாவால் மெல்லிய பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது. கைப்பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள். அதுவும் முடியாதவருக்கு, தலைமாட்டில் உட்கார்ந்து, கன்னத்தை விரலால் ஒதுக்கி, உள்பக்க ஈறோரம்வரை நீங்களே துலக்கிவிடுங்கள், முக்கியமாக ராத்திரி படுக்கும் முன்.