குட்டியோட போட்டோ வருது... அம்மா எங்கே? நாய்க்குட்டி விற்பனையில் நம் கண்ணில் படாத பாதி

கோவையில் ஐ.டி. வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன், போன வருஷம் இன்ஸ்டாகிராமில் ஒரு பீகிள் குட்டியைப் பார்த்தார். "45 நாள் குட்டி. வேக்சின் போட்டாச்சு. பேப்பர் இல்லாம 12,000, பேப்பரோட 18,000. ஆல் தமிழ்நாடு டெலிவரி" என்று பதிவு. அண்ணன் ஜிபேயில் பணம் அனுப்பினார். மறுநாள் காலை ஆம்னி பஸ்ஸில், ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிக்குள் குட்டி வந்து இறங்கியது.

மூன்றாம் நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் வாந்தி, ரத்தம் கலந்த பேதி. கால்நடை மருத்துவர் பரிசோதித்துவிட்டு 'பார்வோ' என்றார். ட்ரிப்ஸ், ஊசி, ராத்திரி முழுக்க க்ளினிக். ஏழாம் நாள் குட்டி இறந்துவிட்டது. மருத்துவச் செலவு குட்டியின் விலையைத் தாண்டிப் போயிருந்தது.

விற்றவருக்கு அண்ணன் மெசேஜ் போட்டார். உடனே பதில் வந்தது: "உங்க வீட்லதான் ப்ரோ இன்ஃபெக்‌ஷன் ஆகியிருக்கும். பரவால்ல, வேற குட்டி டிஸ்கவுன்ட்ல தரேன்."

இந்த 'வேற குட்டி'தான் எனக்கு உறுத்தியது. ஒரு பெண் நாய் சாதாரணமாக வருஷத்துக்கு இரண்டு முறை ஹீட்டுக்கு வரும். சினை காலம் ஏறக்குறைய 63 நாள். பிறந்த பிறகு குட்டியை அம்மாவிடமிருந்து பிரிக்க இன்னும் எட்டு வாரமாவது ஆகவேண்டும். வீட்டில் ஒரு ஜோடி நாய் வளர்ப்பவரிடம் "இப்போ குட்டி இல்லை, ஆறு மாசம் கழிச்சு கேளுங்க" என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும். எந்த மாதம், எந்த வாரம் கேட்டாலும், எந்த இனம் கேட்டாலும் கையிருப்பு உண்டு என்றால், எங்கோ ஓரிடத்தில் நிறைய பெண் நாய்கள் நிற்காமல் குட்டி போட்டுக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அந்த இடத்துக்கு அமெரிக்காவில் வைத்த பெயர்தான் 'பப்பி மில்'. மாவு மில், ஆயில் மில் மாதிரி, குட்டி மில்.

அங்கே என்ன நடக்கும்?

இதற்கு பெரிய ஷெட் எதுவும் தேவையில்லை. நம் ஊரில் மொட்டை மாடி, வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட இடம், ஊருக்கு வெளியே ஒரு தோட்டம், இதில் ஏதாவது ஒன்று போதும். வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். சாணி அள்ளுகிற வேலையைக் குறைக்க, சில இடங்களில் கூண்டின் அடித்தளமும் கம்பிதான். கழிவு கீழே விழுந்துவிடும், நாயின் பாதம் கம்பி மேலேயே இருக்கும். குட்டிகள் மாதக்கணக்கில் இங்கே இருப்பதில்லை, சில வாரத்தில் விற்றுவிடுவார்கள். வருஷக்கணக்கில் இருப்பது அம்மா நாய்தான்.

இனவிருத்திக்கு விடும் பெண் நாய்க்கு குறைந்தது 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு ஈத்துதான், வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது என்கிறது இந்திய விதி. மில்லில் முதல் ஹீட்டிலேயே, அதாவது பல சமயம் ஒரு வயதுகூட ஆகாதபோதே, இணை சேர்த்துவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு ஹீட்டிலும். மூன்று வயதைத் தாண்டும்போதே அந்த ஐந்து ஈத்துக் கணக்கு முடிந்திருக்கும். நாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது. உடம்பில் கால்சியம் வற்றி, பல் கொட்டி, மடி தொங்கி, ஈத்துக்கு ஆறு குட்டி போட்டது இரண்டு மூன்று போட ஆரம்பிக்கும்போது அது 'நஷ்டம்'. அப்புறம் ஏதாவது ஒரு ஹைவே ஓரம். நகர்ப்புற விலங்குக் காப்பகங்களில் வேலை செய்கிறவர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள்: தெருவில் திடீரென்று ஒரு லாப்ரடாரோ பக்கோ தனியாக நின்றால், முதலில் அதன் மடியைப் பார்ப்போம் என்று.

சரி, குட்டிக்கு என்ன பிரச்னை? அதுதான் நல்ல வீட்டுக்குப் போய்விடுகிறதே என்று கேட்கலாம். அம்மா, கூடப்பிறந்தவை ஆகியவற்றோடு இருக்கும் முதல் எட்டு வாரத்தில்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதையெல்லாம் குட்டி கற்றுக்கொள்கிறது. தடுப்பூசித் தொடரும் ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் தொடங்குகிறது. ஒரு டோஸோடு அது முடிவதில்லை, சில வார இடைவெளியில் திரும்பப் போட வேண்டும். ஆகவே 45 நாள் குட்டிக்கு 'வேக்சின் போட்டாச்சு' என்று சொன்னால், அதிகபட்சம் முதல் ஊசி போட்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள். பார்வோ வைரஸ் உடம்பில் நுழைந்து அறிகுறி காட்ட பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் ஆகும். அண்ணன் வீட்டில் குட்டி படுத்தது மூன்றாம் நாள். அது எங்கே தொற்றியிருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, 45 நாள் குட்டியை விற்பதே விதிமீறல். எட்டு வாரம் என்றால் 56 நாள். அந்த விளம்பரம் தன் தப்பைத் தானே எழுதி வைத்திருந்தது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

ஒரு விளம்பரம் செய்த வேலை

2003-ல் வந்த ஹட்ச் விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? சின்னப் பையன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே ஓடும் பக். எனக்கு அப்போது நினைவு தெரியாத வயசு, ஆனால் தெருவில் எல்லோரும் பக்கை 'ஹட்ச் நாய்' என்று சொல்லித்தான் வளர்ந்தேன். நாயின் இனப்பெயரே மறந்து, கம்பெனி பெயர் ஒட்டிக்கொண்டது. எல்லோருக்கும் அந்த நாய் வேண்டும் என்றாகிவிட்டது. ஆனால் பக் தட்டை மூக்குக்காரன். மூச்சுக் குழாய் குறுகலானது, வெயில் தாங்காது, தோல் மடிப்பில் தொற்று வரும். குட்டியின் தலை பெரிதாக இருப்பதால் சுகப்பிரசவம் கஷ்டம், பல நேரம் சிசேரியன்தான். அதாவது இந்த நாயை அவசர அவசரமாகப் பெருக்குவது அம்மா உடம்பைத்தான் முதலில் பதம் பார்க்கும்.

அதன் பிறகு இதே கதை ஹஸ்கிக்கு நடந்தது. சைபீரியப் பனியில் வண்டி இழுத்த நாய் சென்னை மே மாதத்தில் ஃபேனுக்குக் கீழே நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடக்கிறது. ரீல்ஸில் எது ஓடுகிறதோ, மறு வருஷம் கூண்டில் அதுதான்.

சட்டம் இல்லையா?

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. 2015-ல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 261-வது அறிக்கையை, செல்லப் பிராணிக் கடைகளையும் நாய் வளர்ப்பு விற்பனையையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று சொல்வதற்காகவே எழுதியது. 2017-ல் மத்திய அரசு நாய் இனவிருத்தி, விற்பனைக்கான விதிகளைக் கொண்டுவந்தது. நாய் பிரீட் பண்ணி விற்கும் யாரும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்குச் செல்லும். பதிவுச் சான்றிதழை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்டி வைக்க வேண்டும். குட்டிக்கு மைக்ரோசிப், அம்மா நாய்க்கு மருத்துவப் பரிசோதனை, எல்லாவற்றுக்கும் ரெஜிஸ்டர். அடுத்த வருஷம் செல்லப் பிராணிக் கடைகளுக்கும் தனி விதிகள் வந்தன.

படிக்க அருமையாக இருக்கிறது. மீறினால்? இந்த விதிகளின் தாய்ச் சட்டம் 1960-ல் வந்த விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். விதிகளை மீறினால் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உடம்பைத் திருப்ப முடியாத கூண்டில் நாயை அடைத்து வைப்பது போன்ற கொடுமைக்கு, முதல் தடவை என்றால் 10 முதல் 50 ரூபாய். எழுத்துப்பிழை இல்லை, ஐம்பது ரூபாய்தான். 1960-ல் அது பெரிய காசு. இன்று அண்ணன் வாங்கிய குட்டியின் விலையில் ஆறு குட்டி விற்றால் 72,000 ரூபாய். அபராதம், பஸ்ஸில் குட்டியை ஏற்றிவிடக் கண்டக்டருக்குக் கொடுக்கும் டிப்ஸைவிடக் குறைவு. 2022-ல் தண்டனையைக் கூட்டும் திருத்த மசோதாவின் வரைவு பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. அந்த ஐம்பது ரூபாய் இன்னும் அசையவில்லை.

தமிழ்நாட்டில் 2024-ல் மாநில அரசே ஒரு நாய் இனவிருத்திக் கொள்கையை வெளியிட்டது. பதிவு கட்டாயம், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி போன்ற நம் நாட்டு இனங்களுக்கு ஊக்கம், நம் வெயிலுக்கு ஒத்துவராத பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உள்பட 11 இனங்களைப் பெருக்கத் தடை. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா நீதிமன்றம் போனது, சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இந்த விவாதம் முழுக்க 'எந்த இனம் கூடும், எந்த இனம் கூடாது' என்றே ஓடியது என்பதுதான் என் வருத்தம். மில் நடத்துகிறவருக்கு இனம் ஒரு பொருட்டே இல்லை. பக்கைத் தடுத்தால் ஷிட்சூ. ராஜபாளையத்துக்கு மவுசு வந்தால் ராஜபாளையம். அதே கூண்டுதான்.

நேர்மையாக நடத்தும் பிரீடர்கள் இருக்கிறார்கள். இரண்டு, மூன்று நாயை வீட்டுக்குள்ளேயே வைத்து, வாங்க வருபவரை நூறு கேள்வி கேட்டு, பிடிக்காவிட்டால் "குட்டி தர முடியாது" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள். மில்காரர் பாதி விலைக்கு விற்கும்போது முதலில் அடிபடுவது இவர்கள்தான். அதேபோல் 'பேப்பர்' விஷயம். கென்னல் கிளப் சான்றிதழ், குட்டியின் அப்பா அம்மா, தாத்தா பாட்டி யார் என்று சொல்லும். அந்த அம்மா எப்படிப்பட்ட கூண்டில் இருக்கிறாள் என்று சொல்லாது. கூடுதலாக 6,000 கொடுத்தால் அந்தத் தகவல் வந்துவிடாது.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக்கு 'பப்பி மில் தலைநகரம்' என்றே பெயர். 2010 நவம்பரில் அங்கே மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. ஒரு பிரீடர் 50 நாய்க்கு மேல் வைத்திருக்கக் கூடாது, போதிய இடம், தண்ணீர், மருத்துவம் வேண்டும் என்ற சட்டம் சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தது. அடுத்த ஆண்டே மாநில சட்டமன்றம் அந்த 50 என்ற வரம்பைத் தூக்கிவிட்டது. 'இன்றைக்கு நாய், நாளைக்கு எங்கள் மாட்டுப் பண்ணை' என்று விவசாய அமைப்புகள் பயந்ததுதான் முக்கியக் காரணம். கூண்டைக் கண்காணிக்கப் போனால் இப்படித்தான் அரசியல் குறுக்கே வரும்.

அதனால் சில இடங்களில் கூண்டை விட்டுவிட்டு, கடையைப் பிடித்தார்கள். கலிஃபோர்னியாவில் 2019 முதல் செல்லப் பிராணிக் கடைகள் பிரீடரிடம் வாங்கிய நாய்களை விற்க முடியாது, காப்பக நாய்களுக்கு மட்டும்தான் இடம். நியூயார்க்கில் 2024 டிசம்பரில் கடைகளில் நாய் விற்பனையே நின்றது. பிரான்ஸும் 2024 தொடக்கத்தில் அதைச் செய்தது.

எனக்குப் பிடித்தது இங்கிலாந்து செய்ததுதான். வேல்ஸில் ஒரு பண்ணையிலிருந்து 2013-ல் மீட்கப்பட்ட லூசி என்ற கேவலியர் ஸ்பேனியல், குட்டி போடுவதற்கென்றே கூண்டில் வைக்கப்பட்டிருந்த அம்மா. இடுப்பு எலும்பு இறுகி, முதுகு வளைந்து போயிருந்தது. 2016-ல் அவள் இறந்த பிறகு, மார்க் ஏப்ரஹாம் என்ற கால்நடை மருத்துவர் அவள் பெயரிலேயே பிரசாரம் நடத்தினார். 2020 ஏப்ரலில் 'லூசி சட்டம்' அமலுக்கு வந்தது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகர் விற்கக் கூடாது. வளர்த்தவரே, குட்டி பிறந்த இடத்திலேயே, அம்மா பக்கத்தில் இருக்கும்போதுதான் காட்டி விற்க வேண்டும். அந்த ஒரு நிபந்தனைதான் மில்லை அடிமடியில் தொடுகிறது, ஏனென்றால் மில்காரரால் எதை வேண்டுமானாலும் காட்ட முடியும், அம்மாவைத் தவிர.

இந்த நிபந்தனை நம் விதிகளில் வர வேண்டும். பதிவு எண் இல்லாத விளம்பரத்தை சமூக வலைதளங்கள் நீக்க வேண்டும் என்பதையும் அதோடு சேர்க்க வேண்டும். அதுவரை இதை வாங்குகிறவர்களே அமல்படுத்தலாம், அரசாணை தேவையில்லை. நேரில் போய், குட்டியை அம்மாவோடு பாருங்கள். வீடியோ கால் கணக்கில் வராது. வாரியப் பதிவு எண் கேளுங்கள். "பாதி வழியில வந்து கொடுக்கிறேன்" என்றால் வேண்டாம். பார்க்கவே பாவமாக இருக்கும் குட்டியை 'காப்பாற்ற' என்று காசு கொடுத்து வாங்காதீர்கள். அந்தக் காசு அடுத்த ஈத்துக்கான முதலீடு. பதிலாக போட்டோ, விளம்பர ஸ்க்ரீன்ஷாட், இடம் ஆகியவற்றோடு மாநில விலங்குகள் நல வாரியத்துக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். வாயால் சொன்னால் நிற்காது.

இந்தக் கட்டுரைக்காக மூன்று விற்பனையாளர்களுக்கு நானே மெசேஜ் போட்டேன். "குட்டியோட அம்மாவை நேர்ல பார்க்கலாமா?" என்று மட்டும்தான் கேட்டேன். ஒருவர் "அம்மா ஊர்ல இருக்கு மேடம்" என்றார். இன்னொருவர் ப்ளாக் செய்துவிட்டார். மூன்றாமவர் பச்சைப் புல்வெளியில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் ஒரு கோல்டன் ரெட்ரீவர் படத்தை அனுப்பினார். கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். வெளிநாட்டு கென்னல் ஒன்றின் இணையதளத்தில் பல வருஷமாக இருக்கும் படம் அது.

நான் கேட்டது பீகிள் குட்டியின் அம்மாவை.