ஸ்டெதஸ்கோப் கையில இருக்கு... எக்கோ எப்போ வரும்? மருத்துவ மாணவர்களுக்கு இதய ஸ்கேன் பயிற்சி ஏன் இவ்வளவு சிக்கல்?

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரவு 2 மணி. மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் கேஷுவாலிட்டி. குழந்தை பிறந்து மூன்று வாரமே ஆன ஒரு பெண் மூச்சுத் திணறலோடு வருகிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்கியிருக்கிறது, ரத்த அழுத்தம் குறைந்துகொண்டே போகிறது. "நெஞ்சுல சளி கட்டிருக்கு போல டாக்டர்" என்கிறார் கூட வந்த அம்மா.

டியூட்டியில் இருப்பவர் எம்பிபிஎஸ் முடித்த இளம் டாக்டர். அவர் மனதில் நான்கு சாத்தியங்கள் ஓடுகின்றன. நிமோனியாவா? நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டியா? இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா? இல்லை, பிரசவத்தை ஒட்டி இதயத் தசையே பலவீனமாகிவிட்டதா? ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. நீர் கோத்திருந்தால் ஊசி போட்டு உடனே வெளியே எடுக்க வேண்டியிருக்கும். இதயத் தசை பலவீனம் என்றால், டிரிப்ஸை அதிகம் ஏற்றுவதே உயிருக்கு ஆபத்தாகலாம்.

மார்பின் மேல் ஜெல் தடவி, ஸ்கேன் புரோபை ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தால் இதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆனால் எக்கோ அறை பூட்டியிருக்கிறது. எடுக்கத் தெரிந்தவர் காலை 9 மணிக்குத்தான் வருவார். டியூட்டி டாக்டருக்கோ, ஐந்தரை வருடப் படிப்பில் அந்தப் புரோபைக் கையில் பிடித்துப் பழக வாய்ப்பே வந்ததில்லை.

காட்சி கற்பனைதான். ஆனால் அது எழுப்பும் கேள்வி நிஜம்: இதய அல்ட்ராசவுண்ட் எடுப்பதை எம்பிபிஎஸ் மாணவர்களுக்கே கற்றுக்கொடுத்தால் என்ன? உலகம் முழுக்க இந்த விவாதம் நடக்கிறது. இந்தியாவில் மட்டும் இதற்கு நடுவில் ஒரு சட்டமும் நிற்கிறது.

முதல்ல, எக்கோன்னா என்ன?

ஒலி அலையை மார்புக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியிலிருந்து இதயத்தின் அசையும் படத்தை உருவாக்குவதுதான் எக்கோ. 1953-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் இதைத் தொடங்கிவைத்தார்கள். உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்கும் கருவியை இதயத்தின் பக்கம் திருப்பிப் பார்த்ததில் பிறந்தது இது. எக்ஸ்-ரே மாதிரி கதிர்வீச்சு கிடையாது. வலியும் கிடையாது.

கார்டியாலஜி பிரிவில் எடுக்கும் முழு எக்கோவில் வால்வுகளின் கசிவு, ரத்தம் பாயும் வேகம், அறைகளின் அளவு என ஏராளமான கணக்கீடுகள் இருக்கும். அதற்குப் பல வருடப் பயிற்சி வேண்டும். மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்வது அதை இல்லை. 'ஃபோகஸ்டு எக்கோ' எனப்படும் சுருக்கமான வடிவத்தைத்தான்.

இதில் கேள்விகள் சில மட்டுமே. இதயம் நன்றாகப் பம்ப் செய்கிறதா? இதயத்தைச் சுற்றி நீர் இருக்கிறதா? வலது பக்க அறை வீங்கியிருக்கிறதா? இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரை நிரம்பியிருக்கிறதா, சுருங்கிக் கிடக்கிறதா? இவற்றுக்கு 'ஆம்', 'இல்லை', 'தெரியவில்லை' என்று பதில் சொன்னால் போதும். நான்கைந்து கோணங்களில் புரோபை வைக்கத் தெரிந்தால் இது சாத்தியம்.

மாணவர்களால இது முடியுமா?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஓர் ஆய்வு 2005-ல் வெளியானது. முதலாமாண்டு மருத்துவ மாணவர்கள் இரண்டு பேருக்கு வெறும் 18 மணி நேரம் பயிற்சி தந்து, கையடக்க அல்ட்ராசவுண்ட் கருவியைக் கொடுத்தார்கள். எதிர்ப்பக்கம் அனுபவமுள்ள இதய மருத்துவர்கள் ஐந்து பேர். அவர்களுக்குக் கைகளும் ஸ்டெதஸ்கோப்பும் மட்டும். 61 நோயாளிகளை இரு தரப்பும் பரிசோதித்தார்கள். இதயக் கோளாறுகளில் 75 சதவீதத்தை மாணவர்கள் கண்டுபிடித்தார்கள். மருத்துவர்கள் கண்டுபிடித்தது 49 சதவீதம்.

இதை வைத்து 'மாணவர்கள் டாக்டர்களை ஜெயிச்சுட்டாங்க' என்று சொல்லிவிட முடியாது. இருந்தது இரண்டே மாணவர்கள். டாக்டர்கள் கையிலும் கருவி இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். ஆய்வு காட்டுவது வேறு: 1816-ல் பாரிஸில் லென்னெக் கண்டுபிடித்த ஸ்டெதஸ்கோப்பால் கேட்க மட்டுமே முடியும். கண்ணால் பார்ப்பது வேறு தளம். அந்தத் தளத்துக்குள் நுழைய ஆண்டுக்கணக்கில் பயிற்சி தேவையில்லை.

அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2006-லேயே நான்காண்டு படிப்பு முழுவதிலும் அல்ட்ராசவுண்டைச் சேர்த்துவிட்டது. முதலாமாண்டில் உடற்கூறியல் படிக்கும்போதே மாணவர்கள் ஒருவர் இதயத்தை இன்னொருவர் ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள். போன் அல்லது டேப்லெட்டில் செருகிப் பார்க்கும் கருவிகள் வந்த பிறகு வேகம் கூடியது. 2019-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் மருத்துவக் கல்லூரி, புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் அனைவருக்கும் ஆளுக்கொரு கையடக்கக் கருவியே கொடுத்தது.

நம்ம பாடத்திட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் 2019-ல் திறன் அடிப்படையிலான எம்பிபிஎஸ் பாடத்திட்டம் அமலுக்கு வந்தது. 'என்ன தெரியும்' என்பதோடு 'என்ன செய்யத் தெரியும்' என்பதையும் பட்டியலிட்ட பாடத்திட்டம் அது. அதன் பொது மருத்துவப் பகுதியில் ஈசிஜி பற்றிய வரி, மாணவர் அதைத் தானே எடுத்து, படித்துப் பொருள் சொல்ல வேண்டும் என்கிறது. அடுத்த வரியில் எக்கோ வருகிறது. எப்போது தேவை என்று பட்டியலிட வேண்டும், அதில் தெரிவதை விவரிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதாவது ஈசிஜியைச் *செய்ய* வேண்டும், எக்கோவைப் பற்றிச் *சொன்னால்* போதும். இந்த ஒரு வினைச்சொல் வித்தியாசம்தான் கற்பனைக் காட்சியின் டியூட்டி டாக்டரை வெறுங்கையோடு நிற்க வைக்கிறது.

சட்டம் எங்கே குறுக்கே வருது?

கருவின் பாலினத்தைக் கண்டறிந்து பெண் கருவை அழிப்பதைத் தடுக்க 1994-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2003-ல் திருத்தப்பட்ட பிறகு 'பிசிபிஎன்டிடி சட்டம்' என்று அழைக்கப்படுகிறது. இதன்படி கருவின் பாலினத்தைக் காட்டும் திறனுள்ள எந்த ஸ்கேன் கருவியும் பதிவு செய்யப்பட வேண்டும், பதிவு பெற்றவர்களுக்கு மட்டுமே விற்கப்பட வேண்டும். மீறினால் சிறை.

இதயத்தைப் பார்க்கும் கருவிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பல கருவிகளில் புரோபை மாற்றினால் கருவையும் பார்க்கலாம். புதிய கையடக்கக் கருவிகள் சிலவற்றில் ஒரே புரோப் உடல் முழுவதையும் காட்டும். ஆக, சட்டத்தின் பார்வையில் 'இது எக்கோ மெஷின் சார்' என்ற பதில் செல்லாது.

2012-ல் விதிகள் இன்னும் இறுகின. எடுத்துச் செல்லக்கூடிய கருவிகளைப் பதிவு செய்த வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்குப் பயன்படுத்தலாம், அல்லது பல சேவைகள் தரும் நடமாடும் மருத்துவ வாகனத்தில் வைத்திருக்கலாம். ஸ்டெதஸ்கோப் மாதிரி பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. இர்வைன் மாதிரி ஆளுக்கொன்று கொடுப்பதை இங்கே யோசிக்கவே முடியாது.

2014-ல் எம்பிபிஎஸ் டாக்டர்களுக்கான ஆறு மாத அல்ட்ராசவுண்ட் பயிற்சி விதிகள் வந்தன. மொத்தம் 300 மணி நேரம். ஆனால் அந்தப் பயிற்சி வயிறு, இடுப்புப் பகுதி ஸ்கேனுக்கானது. அவசர நேரத்தில் இதயத்தை மட்டும் பார்க்க விரும்பும் டாக்டருக்கு அதில் தனி வழி இல்லை.

அப்ப சட்டத்தைத் தளர்த்திடலாமா?

அவசரப்பட வேண்டாம். இந்தச் சட்டம் சும்மா வந்ததல்ல. 1991-ல் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2001-ல் அது 927. 2011-ல் 920-க்கும் கீழே இறங்கியது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் நம்முடையது. கையடக்கக் கருவி கட்டுப்பாடில்லாமல் கைக்குக் கை மாறினால் என்ன நடக்கும் என்று பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு பக்கம், அந்த இரவு 2 மணிக்கு வந்தவரும் ஒரு பெண்தான். பிறக்கும் முன் பெண்ணைக் காப்பாற்ற வந்த ஒரு விதி, பிரசவித்த பெண்ணின் இதயத்தை நேரத்துக்குப் பார்க்க விடாமல் செய்யக் கூடாது.

எனவே 'சட்டம் வேணுமா, வேணாமா' என்று கேட்பதைவிட, 'இதயத்தை மட்டும் காட்டும்படி பூட்டப்பட்ட, ஒவ்வொரு ஸ்கேனும் பதிவாகும் கருவிக்குத் தனி விதி எழுத முடியுமா' என்று கேட்பதே பொருத்தம். தொழில்நுட்ப ரீதியில் இது கஷ்டமில்லை. ஆனால் அந்தப் பூட்டை யார் சோதிப்பது, யார் பொறுப்பு என்று விதியில் தெளிவாக எழுத வேண்டும்.

அரைகுறைப் பயிற்சி ஆபத்து இல்லையா?

ஆபத்துதான். சட்டத்தைவிடப் பெரிய கவலை இது. சரியாகப் பிடிக்கத் தெரியாத கையில் புரோப் இருந்தால், பலவீனமான இதயமும் திரையில் நன்றாகத் துடிப்பதுபோல் தெரியும். 'எக்கோ பார்த்தாச்சு, ஒண்ணுமில்ல' என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால், ஸ்கேன் எடுக்காமலே இருந்ததைவிட மோசம். ஒரு நாள் வொர்க்‌ஷாப் நடத்திச் சான்றிதழ் கொடுத்தால் இந்த ஆபத்துதான் மிஞ்சும்.

அமெரிக்க அவசர மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல், ஒவ்வொரு வகை ஸ்கேனிலும் தேர்ச்சிக்கு 25 முதல் 50 வரை, மூத்தவர் சரிபார்த்த ஸ்கேன்கள் வேண்டும் என்கிறது. எண்ணிக்கையைவிட 'சரிபார்த்த' என்ற சொல்தான் முக்கியம். பழகாமல் விட்டால் திறன் மங்கியும் போகும்.

ஏஐ உதவுமா? ஓரளவுக்கு. 2021-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எக்கோ அனுபவமே இல்லாத எட்டு நர்ஸ்கள், 'புரோபை இப்படித் திருப்பு' என்று வழிகாட்டும் மென்பொருளின் துணையோடு 240 நோயாளிகளை ஸ்கேன் செய்தார்கள். இதயத்தின் இயக்கத்தையும் சுற்றியுள்ள நீரையும் மதிப்பிடப் போதுமான படம் 98.8 சதவீதம் பேரிடம் கிடைத்தது. ஆனால் படங்களைப் பார்த்து முடிவு சொன்னவர்கள் நிபுணர்கள். படம் எடுக்க ஏஐ கைகொடுக்கும். அந்தப் படத்தை நம்பி மருந்து கொடுக்கலாமா என்று முடிவெடுக்கும் பொறுப்பு டாக்டருடையதே.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் சில இருக்கின்றன.

* பொம்மையில் தொடங்கலாம்: மருத்துவக் கல்லூரிகளில் திறன் பயிற்சிக் கூடம் ஏற்கெனவே கட்டாயம். அங்கே சிமுலேட்டரில் கோணங்களைப் பழகலாம். அதில் பாலினம் பார்க்கும் கேள்வியே எழாது.

* ஹவுஸ் சர்ஜன் காலத்தைப் பயன்படுத்தலாம்: கல்லூரி மருத்துவமனையில் பதிவு செய்த கருவியில், தகுதியுள்ளவரின் மேற்பார்வையில் இரண்டு வாரம் எக்கோ அறையில் உட்கார வைத்தாலே நிறைய மாறும்.

* யார் கற்றுத் தருவது? கார்டியாலஜிஸ்ட்டுகளுக்கு ஓபி கூட்டத்தைப் பார்க்கவே நேரம் போதவில்லை. நன்றாகப் பழகிய பி.ஜி. மாணவர்களையும் எக்கோ டெக்னீஷியன்களையும் பயிற்றுநர்களாக்கலாம்.

* தேர்வில் கேட்கலாம்: மதிப்பெண் இல்லாத எதையும் நம் மாணவர்கள் படிப்பதில்லை. செய்முறைத் தேர்வில் ஒரு கோணத்தை எடுத்துக் காட்டச் சொன்னால், கற்றுத் தருவதும் தானாக நடக்கும்.

* சம்மதம் முக்கியம்: மாணவர்கள் ஒருவரையொருவர் ஸ்கேன் செய்யும்போது யாருக்காவது இதயத்தில் ஓட்டை இருப்பது தெரியவரலாம். அதை யாரிடம் சொல்வது, அடுத்து என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

இந்தியாவில் இப்போது ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமான எம்பிபிஎஸ் இடங்கள் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேஷுவாலிட்டியிலும் முதலில் நோயாளியைத் தொடப்போவது இவர்கள்தான். இவர்கள் எல்லோரும் கார்டியாலஜிஸ்ட் ஆகத் தேவையில்லை. 'இந்த இதயம் சரியா பம்ப் பண்ணல, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்' என்று இரவு 2 மணிக்குச் சொல்லத் தெரிந்தால் போதும். காலை 9 மணிக்கு எக்கோ அறை திறக்கும்போது, அந்தப் பெண் ஏற்கெனவே சரியான சிகிச்சையில் இருப்பார்.