மூச்சு வாங்கிய கார்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா பக்கம் கார் ஓட்டிப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே முதலில் சோதிக்கப்படுவது நம் பொறுமை. அண்மையில் ஒரு நாள், எனக்கு முன்பாக என் கார் பொறுமை இழந்துவிட்டது. சிராங்கூன் சாலையில் சிவப்பு விளக்குக்காக நின்றிருந்தேன். ஆக்சிலேட்டரில் கால் வைக்கவே இல்லை. எஞ்சின் வேகத்தைக் காட்டும் முள் 1,400க்கு ஏறியது, 500க்கு இறங்கியது, மறுபடியும் ஏறியது. ஆஸ்துமாக்காரர் மூச்சு வாங்குவதுபோல் இருந்தது. மூன்றாவது முறை இறங்கியபோது எஞ்சின் அணைந்தே போனது. பின்னால் ஒரு லாரி, அதற்குப் பின்னால் ஒரு பேருந்து. மற்றதை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

அது என் அண்ணன் 2007இல் வாங்கிய மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கை, கூரையைத் திறந்துகொள்ளலாம், கையால் கியர் மாற்ற வேண்டும். 1989இல் சிக்காகோ கார் கண்காட்சியில் அறிமுகமான வகையின் மூன்றாம் தலைமுறை. 2017இல் பெரும் தொகை கட்டி, அதன் ‘சிஓஇ’யை இன்னொரு பத்தாண்டுக்குப் புதுப்பித்தார் அண்ணன். அந்தப் பத்தாண்டு முடியும்வரை அவர் இருக்கவில்லை. அவர் மகளுக்கு ‘கிளாஸ் 3’ உரிமம் கிடைத்ததும் சாவியைக் கொடுப்பதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். சென்ற மாதம்தான் அவள் தேறினாள். விளக்குக்கு விளக்கு அணையும் காரை அவள் கையில் கொடுத்து விரைவுச்சாலைக்கு அனுப்ப முடியுமா?

இன்னொரு நெருக்கடியும் இருந்தது. பத்து வயதைத் தாண்டிய கார்களுக்கு இங்கே ஆண்டுதோறும் பரிசோதனை. அதில் தேறாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. பழைய கார் என்பதற்காக அந்த வரியிலேயே கூடுதல் கட்டணம் வேறு: பத்து ஆண்டுக்குப் பிறகு 10 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடுவரை ஏறும். பரிசோதனைக்கு எனக்கு மூன்று வாரம் இருந்தது.

முதலில் போன பட்டறையில் கணினியைச் செருகிப் பார்த்தார்கள். ‘பி0171’ என்று காட்டியது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். “ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது” என்று சொல்லி மாற்றினார்கள். 380 வெள்ளி. நான்கு நாளில் அதே விளக்கு மறுபடியும் எரிந்தது. அடுத்ததாக எஞ்சின் கணினியையே மாற்ற வேண்டும் என்றார்கள். “இந்த வயதுக் காருக்கு இவ்வளவு செலவு எதற்கு? ஸ்கிராப் பண்ணிவிடுங்கள்” என்றும் ஒருவர் அறிவுரை சொன்னார்.

அன்று இரவு மாமாவை அழைத்தேன். இரத்த உறவு இல்லை. அண்ணனோடு பழகிய பழக்கத்தில் எங்களுக்கு மாமா ஆனவர். வாழ்நாள் முழுதும் எஞ்சின்களோடு இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “தம்பி, சாட்சி உண்மையைச் சொன்னதுக்காக சாட்சியையே மாத்திட்டீங்களே!” என்றார்.

அவர் விளக்கியது இது. எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றை வாசலிலேயே ஒரு சென்சார் அளக்கிறது. எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது அடிப்படை விகிதம். அதற்கேற்பக் கணினி பெட்ரோல் கொடுக்கிறது. அந்த வாசலைத் தாண்டி எங்கோ ஒரு குழாயில் விரிசல் என்றால், கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. புகைபோக்கியில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போய், ஓர் எல்லையைத் தாண்டியதும் விளக்கைப் போடுகிறது. அந்த சென்சார் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது.

மறுநாள் மாலை, மாமாவின் நண்பர் ஒருவருடைய பட்டறையில் கூடினோம். அண்ணன் மகளும் வந்திருந்தாள். மாமா அவளிடமே கருவியைக் கொடுத்தார். “எஞ்சின் சும்மா ஓடும்போது பெட்ரோல் எவ்வளவு கூடுதலாகப் போகுதுன்னு பாரும்மா.” 23 விழுக்காடு. “இப்போ 2,500க்கு ஏத்து.” 5 விழுக்காடு.

“அவ்வளவுதான், பாதி நோய் தெரிஞ்சுபோச்சு” என்றார் மாமா. ஓட்டையின் அளவு மாறாது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது இழுக்கும் காற்றே கொஞ்சம்தான். அதில் ஓட்டை வழியே வருவது பெரும் பங்கு. வேகமாக ஓடும்போது முறையான வழியில் ஏராளமான காற்று வருவதால், அந்தத் திருட்டுக் காற்று பெரிதாகத் தெரியாது. பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தால் கதை தலைகீழ்: எஞ்சினுக்கு வேலை கூடக் கூடத்தான் குறை அதிகமாகும்.

பிறகு தேடல். முதலில் பிரேக். பிரேக் மிதிக்கு உதவும் பூஸ்டரும் எஞ்சினின் அதே உறிஞ்சலில்தான் வேலை செய்கிறது. அதன் குழாயில் விரிசல் என்றால் மிதி கல்லாகிவிடும், உயிருக்கே ஆபத்து. அந்தக் குழாயை இடுக்கியால் மெல்ல அழுத்தி மூடிப் பார்த்தார். எஞ்சின் ஓசை மாறவில்லை. பிரேக் தப்பியது.

அடுத்து, துணிக்குத் தெளிக்கும் புட்டியில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு இணைப்பின்மீதும் சிறிது தெளித்தார். ஓட்டை இருந்தால் தண்ணீர் அதை ஒரு கணம் அடைக்கும், ஓசை மாறும். சிலர் இதற்கு எரியக்கூடிய ஸ்பிரேயைப் பயன்படுத்துவார்கள். சூடான புகைக்குழாய்மீது அது பட்டால் தீப்பிடிக்கலாம் என்பதால் மாமா அதைத் தொடுவதே இல்லை. எட்டும் இடமெல்லாம் தெளித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

கடைசியாகப் புகை. எஞ்சினை அணைத்து, காற்று நுழையும் வாயை அடைத்து, எண்ணெயைச் சூடாக்கிப் புகை தரும் கருவியால் மிகக் குறைந்த அழுத்தத்தில் உள்ளே புகையை அனுப்பினார்கள். “வீட்டுக்குச் சாம்பிராணி போடுற மாதிரிதான்” என்று சிரித்தார் மாமா. இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு, “சித்தப்பா, அங்கே!” என்றாள் அண்ணன் மகள். இன்டேக் மேனிஃபோல்டின் அடியிலிருந்து ஒரு நூல் புகை எழுந்து வந்தது.

எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியை மறுபடி எரிப்பதற்காக மேலே கொண்டுவரும் சிறிய ரப்பர் குழாய் அது. கண்ணுக்கும் கைக்கும் எட்டாத வளைவில், அடிப்பக்கமாக விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. 18 ஆண்டுகளுக்கு மேல் எண்ணெய் ஆவியிலும் நம் ஊர் வெயிலிலும் கிடந்தால் எந்த ரப்பரும் அப்படித்தான் ஆகும்.

புதுக் குழாயின் விலை, தேக்காவில் நாங்கள் மூவரும் தோசையும் தே தாரிக்கும் சாப்பிட்ட செலவைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மேனிஃபோல்டைக் கழற்றி, புது கேஸ்கெட் போட்டுப் பூட்டத்தான் அரை நாள் ஆனது. இப்போது எஞ்சின் சும்மா ஓடும்போது கூடுதல் பெட்ரோல் 2 விழுக்காடு. முள் அசையாமல் நிற்கிறது. பரிசோதனையிலும் தேறிவிட்டது.

உங்களுடையது விளையாட்டுக் காராக இருக்க வேண்டியதில்லை. எந்த பெட்ரோல் காருக்கும் இது வரலாம். பட்டறையில் ஏதாவது ஒரு பாகத்தை மாற்றச் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். எஞ்சின் சும்மா ஓடும்போது எண் என்ன, 2,500இல் என்ன? புகை விட்டுப் பார்த்தீர்களா? பதில் சொல்லத் தயங்கினால் பணப்பையைத் திறக்காதீர்கள்.

சென்ற ஞாயிறு அவள்தான் ஓட்டினாள். சிராங்கூன் சாலையில் அதே விளக்கில் நின்றோம். இரண்டு பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்ததில் பச்சை விழுந்ததைக் கவனிக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். இந்த முறை தவறு காருடையது அல்ல.