லாம்பை அணைத்தால் பிரேக் சரியாகிவிடாது

மூன்று மாதமாக என் பைக்கின் மீற்றரில் ஏபிஎஸ் லாம்ப் மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது. பார்த்தும் பாராத மாதிரி அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் பக்கம் பாடசாலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அந்த றோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும்: காற்றடித்தால் மணல், மழை பெய்தால் சேறு, எந்நேரமும் மாடு.

கடைசியில் கராஜில் காட்டினேன்.

"பம்ப் பெய்த்து சேர். புதுசு வாங்க உங்கட ஒரு மாசச் சம்பளம் காணாது. அதக் கழட்டிப் போட்டு நேரா லைன் அடிச்சித் தாறன். லாம்பையும் எரியாமச் செய்யலாம். எல்லாரும் அப்பிடித்தான் செய்யிற."

கெட்ட பிள்ளை இல்லை. என்னிடம் படித்தவர்தான். என் சட்டைப் பையை நினைத்துத்தான் சொன்னார். போன வருடம் என்றால் நானும் சரி என்றிருப்பேன்.

ஆனால் போன வருடக் கடைசியில் என்னுடைய பழைய மாணவன் ஒருவன், செக்கன்ட் ஹேண்டில் பைக் வாங்கி இரண்டு கிழமை ஆகவில்லை, வளைவில் கிடந்த மணலில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டான். "ஏபிஎஸ் இருக்குத்தானே சேர் எண்டு இறுக்கிப் பிடிச்சன்" என்றான். கழற்றிப் பார்த்தபோது பம்ப் இருக்க வேண்டிய இடம் வெறுமை. லாம்பின் மேல் கறுப்பு டேப். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் பைக் திருத்துவதை நான் குறை சொல்ல மாட்டேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திறக்கும்வரை இருந்த பைக்கையே இழுத்துப் பறித்து ஓட்டினோம். திறந்த பிறகும் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள்தான் அதிகம். ஸ்பெனர் பிடிக்கப் பழகாமல் நம்மால் வாழ முடியாது.

நானும் வீட்டில்தான் செய்தேன். ஓகஸ்ட் விடுமுறையில், மச்சானைத் துணைக்கு வைத்துக்கொண்டு.

முதலில் பம்பைக் குற்றவாளி ஆக்குவதற்கு முன் மற்றவற்றைப் பார்த்தோம். லாம்ப் எரிந்தால் பம்ப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சில்லின் வேகத்தைப் பார்க்கும் சென்சரில் சேறு அப்பியிருக்கலாம், பல் வளையம் வளைந்திருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், பியூஸ் போயிருக்கலாம், பற்றரி பலவீனமாக இருக்கலாம். பல பேருக்கு விஷயம் அங்கேயே முடிந்துவிடும், சல்லியும் மிச்சம். எனக்கு முடியவில்லை. மோட்டாருக்குக் கரண்ட் வந்தும் அது சுற்றவில்லை.

பஞ்சிகாவத்தையிலிருந்து அதே மொடல், அதே வருடத்துப் பழைய பம்ப் ஒன்றை எடுப்பித்தேன். உருவம் ஒன்றாக இருந்தால் போதாது; அதனோடு ஒட்டியிருக்கும் கொம்பியூட்டர் அந்தந்த மொடலுக்கென்றே அமைக்கப்பட்டது. போல்ட்டுகளுக்குப் புதிய செப்பு வொஷர் வாங்கினோம். பிரேக் ஒயில் பெயின்டைத் தின்றுவிடும் என்பதால் டாங்கியைப் பழைய சாரத்தால் மூடினோம்.

பழைய பம்பைக் கழற்றியபோது வடிந்த ஒயிலைப் பார்த்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. பிளேன் டீ நிறம், அடியில் கசடு. பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 4 குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 155 பாகை அளவுக்கு இறங்கிவிடும். அந்த ஈரம்தான் பம்பின் நுண்ணிய வால்வுகளையும் அரிக்கிறது. கடற்கரை ஊரில் இருந்துகொண்டு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அதை மாற்றியிருக்க வேண்டும். என்ஜின் ஒயிலைத் திகதி குறித்து மாற்றுகிறவன் நான். இதை வாங்கிய நாளிலிருந்து திறந்தே பார்க்கவில்லை.

புதிய ஒயில் ஊற்றி, எயார் எடுத்து, பின்னேரம் ஐந்து மணிக்கு லீவர் கல் மாதிரி இறுகிவிட்டது. லாம்பும் கொஞ்சத் தூரம் ஓடியதும் அணைந்தது. மச்சான் "முடிஞ்சி" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முடியவில்லை. இதுதான் வீட்டில் செய்கிறவர்கள் எல்லாரும் விழுகிற பள்ளம். சாதாரணமாகப் பிரேக் பிடிக்கும்போது பம்புக்குள்ளே ஒரு வால்வு மூடியே இருக்கும். அதற்குப் பின்னால் எயார் நின்றால் லீவரை எத்தனை தடவை அழுத்தினாலும் வெளியே வராது. கைக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஒருநாள் மணலில் ஏபிஎஸ் வேலை செய்யும்போது அந்த வால்வு திறக்கும், எயார் லைனுக்குள் வரும், லீவர் பிடிவரை இறங்கிவிடும். தேவைப்படுகிற அந்த ஒரு வினாடியில்தான் அது கையை விடும்.

அதை எடுக்க ஸ்கேனர் வேண்டும். அது பம்பையும் வால்வுகளையும் ஓடவிட, அந்த நேரத்தில் எயார் எடுக்க வேண்டும். ஓட்டிப் போகாமல் பட்டா லொறியில் ஏற்றி இன்னொரு ஊருக்குக் கொண்டு போனேன். மச்சான் சிரித்தார். அங்கே ஸ்கேனரைப் போட்டு ஓடவிட்டபோது குழாயில் குமிழி குமிழியாக வந்தது. மச்சான் அதற்குப் பிறகு பேசவில்லை.

"எங்கட வாப்பாமார் ஏபிஎஸ்ஸோடயா ஓடினாங்க?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான். அவர்கள் ஓடியது எம்.டி. 90இல், டிரம் பிரேக்கில், நாற்பதில். நாம் ஓடுவது டிஸ்க் பிரேக்கோடு, எண்பதில். முன் சில்லு இறுகி நின்றால் காலை ஊன்ற நேரம் கிடைக்காது. என் பின்னால் மகள் இருக்கிறாள்.

பம்ப் மாற்ற வசதியில்லை என்றால் லாம்ப் எரியட்டும், மெதுவாக ஓடுங்கள். பெரும்பாலான பழுதுகளில் சாதாரணப் பிரேக் வேலை செய்யும். லாம்பும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதை அணைத்துவிட்டு இன்னொருவனுக்கு விற்காதீர்கள். வாங்குகிறவர்கள் சாவியைத் திருப்பியதும் பாருங்கள்: ஏபிஎஸ் லாம்ப் எரிய வேண்டும், ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சல்லியைக் கொடுக்காதீர்கள்.

நம்ம கராஜ் தம்பியிடமும் எல்லாம் சொன்னேன். ஸ்கேனர் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். கல்முனைப் பக்கம் யாரிடமாவது பாவித்த ஸ்கேனர் விற்பனைக்கு இருந்தால் கொமென்ட்டில் சொல்லுங்கள்.