விரல் நீட்டு முன் ஒரு நிமிடம்

"என்ன மகள், இண்டைக்கு ஆரைக் கொல்லப் போறீங்க?"

2020ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் எங்கள் வீட்டில் தினமும் கேட்ட கேள்வி இது. கேட்பவர் என் உம்மா. கொவிட் காரணமாகப் பாடசாலை மறுபடியும் மூடப்பட்டிருந்த நாட்கள். நான் அப்போது எட்டாம் தரம். வாப்பாவின் போனில் 'அமங் அஸ்' விளையாடுவதுதான் என் உலகம். உம்மாவுக்கு அந்த விளையாட்டின் பெயர் வாயில் வராது. "கொலை விளையாட்டு" என்றுதான் சொல்லுவார். "பொம்புளப் புள்ளைக்கு விளையாட வேற ஒண்டும் கிடைக்கல்லையா?" என்பதும் கூடவே வரும்.

இன்று உயர்தர வகுப்பில் இருந்துகொண்டு யோசித்துப் பார்க்கும்போது, உம்மா பயந்ததில் நியாயம் இருந்தது என்றே தோன்றுகிறது. ஆனால் அவர் பயப்பட வேண்டிய இடம் வேறு. இந்த விளையாட்டுகளில் உள்ள ஆபத்து கொலை அல்ல, தீர்ப்பு என்பதே என் கருத்து. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தெரியாத பெற்றோருக்காக முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒருவரையொருவர் அறியாத சிலர் வெளியேற முடியாத ஓரிடத்தில் அகப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒருவரோ இருவரோ கொலையாளிகள். மற்றவர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். எல்லோரும் முடிந்துபோவதற்குள் கொலையாளியைக் கண்டுபிடிக்க வேண்டும். 'அமங் அஸ்' விளையாட்டில் அந்த இடம் ஒரு விண்கலம். பிணம் கண்டுபிடிக்கப்பட்டதும் எல்லோரும் கூடிப் பேசி வாக்களிப்பார்கள். அதிக வாக்குப் பெற்றவர் கலத்திலிருந்து வெளியே வீசப்படுவார். 2018இல் ஒரு சிறிய அமெரிக்க நிறுவனம் வெளியிட்டபோது இதைப் பலர் கவனிக்கவில்லை. 2020இல் உலகமே வீட்டுக்குள் அடைபட்ட பிறகுதான் அது எல்லோர் கைகளுக்கும் வந்தது.

இந்தக் கற்பனை புதியதல்ல. முன்பின் அறியாத பத்துப் பேர் ஒரு தீவில் அகப்பட்டு ஒவ்வொருவராக மடியும் கதையை அகதா கிறிஸ்டி 1939இலேயே எழுதிவிட்டார். இதை விளையாட்டாக அமைத்தவர் திமித்ரி தவிதோவ். மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைச் சேர்ந்த அவர், 1986ஆம் ஆண்டளவில் 'மாஃபியா' என்ற பெயரில் இதை உருவாக்கினார். அதற்குப் போனும் வேண்டாம், பலகையும் வேண்டாம். வட்டமாக உட்கார ஒரு கூட்டம் போதும். நாம் சின்ன வயதில் துண்டுக் கடதாசியில் ராஜா, மந்திரி, பொலிஸ், கள்ளன் என்று எழுதி மடித்துப் போட்டு விளையாடினோமே, அதன் பெரிய தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'மாஃபியா'வில் இரவு என்றால் எல்லோரும் கண்ணை மூடவேண்டும். கொலையாளிகள் மட்டும் கண்ணைத் திறந்து, சத்தமில்லாமல் ஒருவரைத் தெரிவு செய்வார்கள். பகல் வந்ததும் அந்த ஆள் 'இறந்து'விட்டார் என்று அறிவிக்கப்படும். பிறகு விவாதம், வாக்கெடுப்பு, வெளியேற்றம். மறுபடியும் இரவு. கொலையாளிகளுக்கு யார் யார் என்பது தெரியும், தொகையோ குறைவு. மற்றவர்களிடம் தொகை இருக்கிறது, தகவல் இல்லை. விளையாட்டின் உயிர் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஒரு கொப்பியை எடுத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

பத்துப் பேர் விளையாடுகிறோம். இருவர் கொலையாளிகள், எட்டுப் பேர் நிரபராதிகள். முதல் இரவில் ஒருவர் போகிறார். மிஞ்சிய ஒன்பது பேரில் நிரபராதிகள் ஏழு. கையில் எந்த ஆதாரமும் இல்லை. அந்த நிலையில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரை நோக்கி விரல் நீட்டினால், ஒன்பதில் ஏழு வாய்ப்பு அது நிரபராதியாகவே இருக்கும். அவரை வெளியேற்றுகிறோம். அடுத்த இரவில் இன்னொருவர் போகிறார். இப்போது மிச்சம் ஐந்து நிரபராதிகளும் இரண்டு கொலையாளிகளும். மறுபடி தவறான தீர்ப்பு, மறுபடி இரவு. மூன்று நிரபராதிகள், இரண்டு கொலையாளிகள். மூன்றாவது முறையும் தவறினால் இரண்டுக்கு இரண்டு. ஆட்டம் முடிந்தது, கொலையாளிகள் வென்றுவிட்டார்கள்.

இப்போது இறந்தவர்களை எண்ணிப் பாருங்கள். கொலையாளிகள் இருட்டில் கொன்றது மூன்று பேரை. நல்லவர்களாகிய நாங்கள் பட்டப்பகலில், பேசி, வாக்கெடுத்து அனுப்பியதும் மூன்று பேரை. எட்டாம் தரத்தில் விளையாடியபோது இந்தக் கணக்கு எனக்கு ஓடவில்லை. ஓடியிருந்தால் பின்னால் நான் சொல்லப்போகும் தவறைச் செய்திருக்க மாட்டேனோ என்னவோ.

"ஆதாரம் இல்லாவிட்டால் என்ன? முகத்தைப் பார்த்தால் தெரியாதா?" என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். ஆனால் பொய்யைக் கண்டுபிடிக்கும் மனிதத் திறமை பற்றி, சார்ல்ஸ் பொண்ட், பெல்லா டிபோலோ என்ற இரு உளவியலாளர்கள் இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வு ஆவணங்களைத் தொகுத்துப் பார்த்து 2006இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சொல்வது உண்மையா பொய்யா என்று மனிதர்கள் சரியாகக் கணிப்பது சராசரியாக நூற்றுக்கு 54 தடவை. நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 தடவை சரிவரும். நாம் அவ்வளவு பெருமைப்படும் 'முகத்தைப் படிக்கும்' திறமை அந்த நாலே நாலுதான்.

அப்படியானால் விளையாட்டில் யாரை வெளியேற்றுகிறோம்? விளையாடிய எல்லோருக்கும் தெரியும், பேசாமல் இருப்பவரை. "அவ ஏன் ஒண்டும் சொல்றா இல்ல?" என்று ஒருத்தி தொடங்குவாள். உடனே நாலு விரல் நீளும். அவள் பதறிப்போய்ப் பேசினால், "பாருங்க, பதறுறா" என்போம். பேசாவிட்டால், "பாருங்க, வாயத் திறக்கிறா இல்ல" என்போம். உண்மையான கொலையாளியோ எல்லோரையும்விடச் சத்தமாக அவளைக் குற்றம் சாட்டிக்கொண்டிருப்பான்.

இதை விளையாட்டோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

நான் பத்தாம் தரத்தில் இருந்தபோது எங்கள் வகுப்பில் ஆசிரியர் தினத்துக்குக் காசு சேர்த்தோம். ஆளுக்கு 150 ரூபாய், முப்பது பேர், 4,500 ரூபாய். ஒரு வியாழக்கிழமை இடைவேளை முடிந்து வந்தபோது அந்தக் கடித உறையைக் காணவில்லை. இடைவேளையில் வகுப்பில் இருந்தவள் ஒருத்தி மட்டும். அந்த வருடம்தான் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். அதிகம் பேசாதவள்.

யாரும் அவளைக் கள்ளி என்று சொல்லவில்லை. "நீங்கதானே கிளாஸில இருந்தீங்க?" என்று மட்டும் ஒருத்தி கேட்டாள். அப்படிக் கேட்டவள் நான்தான். அவள் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான். வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. பகல் சாப்பாட்டை அவளோடு பகிர ஆளில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை அவள் பாடசாலைக்கு வரவில்லை. "வராததிலேயே தெரியுதே" என்றோம்.

திங்கட்கிழமை கணித ஆசிரியை திருத்திய விடைத்தாள் கட்டைக் கொண்டுவந்தார். உறை அதற்குள் இருந்தது. வகுப்புத் தலைவி மேசையைத் துப்பரவாக்கும் அவசரத்தில் விடைத்தாள்களோடு அதையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். கொலையாளியே இல்லாத விளையாட்டில் நாங்கள் ஒருத்தியை வெளியேற்றியிருந்தோம்.

எல்லோரும் சிரித்தோம். "சும்மாதானே கேட்டோம்" என்றோம். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நான் பேசியிருந்தா நம்பியிருப்பீங்களா?" யாரிடமும் பதில் இருக்கவில்லை.

பின்னொரு நாள் இணையத்தில் 'டவுன் ஒப் சேலம்' என்ற இன்னொரு விளையாட்டைப் பற்றி வாசித்தேன். 2014இல் வெளியான அதுவும் இதே வகைதான். ஒரு வித்தியாசம், அதில் குற்றம் சாட்டப்பட்டவர் நடுவில் நிறுத்தப்படுவார். தன் பக்கத்தைச் சொல்ல அவருக்கு நேரம் கொடுக்கப்படும். அதன் பிறகே குற்றவாளியா இல்லையா என்ற வாக்கெடுப்பு. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு கணினி விளையாட்டில் இருக்கும் நீதிகூட எங்கள் வகுப்பறையில் இருக்கவில்லை.

அந்த விளையாட்டுக்குப் பெயர் தந்த சேலம், அமெரிக்காவின் மசசூசெட்ஸில் உள்ள உண்மையான ஊர். 1692இல் அங்கே சில சிறுமிகள் தங்களைச் சூனியக்காரிகள் துன்புறுத்துவதாகச் சொல்லி அயலவர்களை நோக்கி விரல் நீட்டினார்கள். சந்தேகம் வீடு வீடாகப் பரவியது. 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வழக்குக்கு உடன்பட மறுத்த ஒரு முதியவர் பாரமான கற்களால் நசுக்கிக் கொல்லப்பட்டார். சிறையிலே இறந்தவர்களும் உண்டு. 'ஆம், நான் சூனியக்காரிதான்' என்று பொய்யாக ஒப்புக்கொண்ட பலர் உயிர் தப்பினார்கள். இல்லை என்று உண்மை பேசி உறுதியாக நின்றவர்களே தூக்குமேடை ஏறினார்கள்.

விரல் நீட்டியவர்களில் ஒருத்தி ஆன் பட்னம். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயதளவில் இருக்கும். 1706இல், அதாவது பதினான்கு வருடங்கள் கழித்து, அவள் ஊர்த் தேவாலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்றாள். அவளது மன்னிப்பு வாசிக்கப்பட்டது. குற்றம் சாட்டிய சிறுமிகளில் இப்படிப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

எனக்கு ஏழு மாதம் பிடித்தது. என் தோழியிடம் போய், "முதல்ல கேட்டது நான்தான், மன்னிச்சிக்கோங்க" என்றேன். "தெரியும்" என்று மட்டும் சொன்னாள். இன்று நாங்கள் ஒரே பாடப்பிரிவில் படிக்கிறோம். இந்தக் கட்டுரையை அவளுக்கு வாசித்துக் காட்டி, அவள் சம்மதித்த பிறகே ஆசிரியர் குழுவிடம் கொடுத்தேன்.

பெற்றோரே, இனி உங்களிடம் ஒரு வார்த்தை. பிள்ளை இப்படியான விளையாட்டு விளையாடுவதைக் கண்டால் போனைப் பறிக்க அவசரப்படாதீர்கள். யாரோடு விளையாடுகிறாள் என்று பாருங்கள். முன்பின் தெரியாதவர்களோடு எழுதி உரையாடுவதை நானும் ஆதரிக்கவில்லை. தெரிந்த தோழிகள் மட்டும் இரகசியக் குறியீடு கொடுத்து நுழையும் அறையை இந்த விளையாட்டிலேயே அமைக்கலாம். அதைவிட நல்லது, மின்சாரம் இல்லாத ஓர் இரவில் குடும்பமாக உட்கார்ந்து கடதாசித் துண்டுகளோடு விளையாடுவது. முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "மகள், அவரை ஏன் சந்தேகப்பட்டீங்க?" அவளிடம் வரும் பதிலில் அவளைப் பற்றி நீங்கள் அறியாத ஏதாவது இருக்கும். நம் வீட்டுக் கதைகளிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். அயல்வீட்டுப் பெண்ணைப் பற்றி, வேலைக்கு வந்துபோனவரைப் பற்றி, நம் வாயிலிருந்து ஆதாரமில்லாமல் எத்தனை தீர்ப்புகள் வருகின்றன! அவற்றைக் கேட்டுத்தானே நாங்கள் வளர்கிறோம்.

தோழியரே, உங்களுக்கும் சொல்கிறேன். விளையாட்டில் வெளியேற்றப்பட்டவர் யார் என்பது ஆட்டம் முடியும்போதாவது தெரிந்துவிடும். "ஐயோ, இவ நல்லவ!" என்று தலையில் கைவைத்து, அடுத்த ஆட்டத்துக்கு அவளையே கூப்பிடலாம். வாழ்க்கையில் விடைத்தாள் கட்டு எப்போதும் திரும்பி வராது. அன்று அந்த உறை ஒரு குப்பை வாளிக்குள் விழுந்திருந்தால், பாடசாலையை விட்டுப் போகும்வரை என் தோழி எங்களுக்குக் கள்ளியாகவே இருந்திருப்பாள். வட்ஸ்அப் குழுவில் ஒருவரின் படத்தைப் போட்டு "இவர்தானாம்" என்று வரும் செய்தியை அடுத்த குழுவுக்கு அனுப்பும்போதும் நாம் செய்வது அதே வாக்களிப்புத்தான். அங்கே எதிரில் ஒரு முகம்கூட இருப்பதில்லை.

ஆகவே விளையாடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் இன்றுவரை விளையாடுகிறேன். இப்போது வட்டத்தில் யாராவது "அவ ஏன் பேசுறா இல்ல?" என்று தொடங்கினால், "அதைத் தவிர வேற என்ன ஆதாரம் இருக்கு?" என்று கேட்கிறேன். அதனால் பல தடவை என்னையே கொலையாளி என்று நினைத்து வெளியேற்றிவிடுகிறார்கள்.

பரவாயில்லை. அன்று என் தோழி இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் இருந்து பார்க்கிறேன்.