பேய் வீடு என்று சொல்ல முன்னம் அது யாருடைய வீடு என்று கேளுங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுவதென்றால் திட்டுங்கள்.

இரண்டு கிழமையாக ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. சனிக்கிழமைகளில் நாங்கள் பிள்ளைகளுக்குப் பேய் விளையாட்டுப் பழக்குகிறோமாம். ஜின்னைக் கூப்பிடுகிறோமாம். கட்டை உருட்டிச் சூது காட்டுகிறோமாம். பள்ளிவாசலில் கேட்டார்கள், கோயிலடியில் கேட்டார்கள், மீன்வாடியிலும் கேட்டார்கள். பதில் சொல்லாமல் இருந்தால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆகவே அந்த வகுப்பை நடத்துகிற நாங்கள் எழுதுகிறோம்.

முதலில் விளையாட்டு என்னவென்று சொல்கிறோம். டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் என்று 1974 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் இருப்பார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "கதவு பூட்டியிருக்கிறது, என்ன செய்கிறாய்?" என்று கேட்டால் பிள்ளை யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். அது பலிக்குமா இல்லையா என்பதைக் கட்டை உருட்டித் தீர்மானிப்பார்கள். போனும் இல்லை, காசும் இல்லை. வாய் திறக்காத பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள் என்பதற்காகவே இதை எடுத்தோம்.

கட்டை பற்றிய குறை நியாயமானது. பந்தயம் இல்லாவிட்டாலும் அதை உருட்டி விளையாடுவதை மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் தடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை, எங்கள் பிழை. இப்போது கட்டை இல்லை. கதைசொல்லி கேள்வி கேட்கிறார், சரியான காரணம் சொல்கிற பிள்ளைக்குக் கதவு திறக்கிறது. விளையாட்டு முன்னையை விட நன்றாகத்தான் போகிறது.

ஆனால் பேய் பற்றிய குறையை நாங்கள் ஏற்கமாட்டோம்.

நாங்கள் விளையாடிய கதை 1981 இல் வந்த ஒன்று. பெயர் சால்ட்மார்ஷின் இரகசியம் என்கிற மாதிரி வரும். கடலோர மீன்பிடி ஊர். ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த வீடு. முன்பு அங்கே இருந்தவர் இறந்துபோய்விட்டார். வெளிச்சம் தெரிகிறது, அலறல் கேட்கிறது, யாரும் கிட்டப் போவதில்லை. பிள்ளைகள் உள்ளே போய்ப் பார்த்தால் பேயே இல்லை! நிலவறையில் கடத்தல்காரர். மேல் அறையிலிருந்து விளக்குக் காட்டிக் கப்பலுக்குச் சைகை கொடுக்கிறார்கள். அலறலும் அவர்களுடைய ஏற்பாடுதான். ஊர் பயந்திருக்கும் வரைக்கும் அவர்களுக்குப் பிழைப்பு.

இந்தக் கதை பேயை நம்பச் சொல்கிறதா, பேய்க்கதையால் யாருக்கு இலாபம் என்று கேட்கச் சொல்கிறதா? பாக்கு நீரிணையின் கரையில் இருக்கிற எங்களுக்கா இதை விளங்கப்படுத்த வேண்டும்?

எங்கள் கரைக்கு இது புதிதுமல்ல. அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் சுறாவின் வாயைக் கட்ட "கடல்கட்டி" என்று ஒருவர் இருந்தார். அவருக்கு வெள்ளைக்கார அரசாங்கமே கூலி கொடுத்தது. மந்திரத்தில் துரைமாருக்கு நம்பிக்கை வந்து அல்ல, அவர் இல்லாமல் குளிகாரர் கடலில் இறங்கமாட்டார்கள் என்றுதான். அரிப்புக் கடற்கரையில் இடிந்து நிற்கிற மாளிகையைப் பாருங்கள். அல்லிராணிக் கோட்டை என்கிறோம். கட்டியது முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த், 1800களின் தொடக்கத்தில், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய. ராணி கதை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் ஆட்கள் மூச்சடக்கி எடுத்த முத்தின் வரவைக் கணக்குப் பார்த்த வீடு அது என்பது எத்தனை பிள்ளைக்குத் தெரியும்? அதற்குள் அரைவாசிக் கட்டிடத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது.

இனி நடந்ததைச் சொல்கிறோம்.

அன்றைக்கு விளையாட்டு நடுவில் ஒரு பையன் கேட்டான்: "சேர், ஒழுங்கைக்குள்ள இருக்கிற பேய் வீடும் இப்படித்தானா?" எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் இருந்த ஒரு பிள்ளை சிரிக்கவில்லை. "அது பேய் வீடில்ல. எங்கட உம்மம்மாட வீடு" என்றாள்.

வகுப்பு அடங்கிப்போனது. எங்களுக்கும் பேச்சு வரவில்லை.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். இந்தத் தீவிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் உடுத்த உடுப்போடு வள்ளம் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கின. அதே வருடங்களில் இதே கரையிலிருந்து தமிழ்க் குடும்பங்களும் இரவோடிரவாக வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் கிடந்தன. இரண்டு பக்கத்திலும் வீடுகள் வெறுமையாயின. திரும்பி வந்தவர்கள் உண்டு, வராதவர்கள் உண்டு.

வெறும் வீட்டுக்கு என்ன நடக்கும்? முதலில் ஒருவர் "அங்கே ஏதோ நடமாட்டம்" என்பார். பிறகு பிள்ளைகள் போகமாட்டார்கள். பிறகு பெரியவர்களும் பொழுதுபட்டால் போகமாட்டார்கள். பிறகு ஒரு நாள் பார்த்தால் ஓடு இல்லை, நிலை இல்லை, கிணற்றுக் கப்பி இல்லை. பேயா ஓடு கழற்றியது? பேய்க்குத் தேக்கு மரக் கதவு எதற்கு? இன்னும் சில வருடம் போனால் வேலி நகரும். பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால் உரிமை கோரலாம் என்கிற சட்டம் இருக்கிற நாடு இது. யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்களை அதிலிருந்து காப்பாற்ற 2016 இல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டி வந்தது.

ஜின் உண்டு என்பது எங்கள் ஈமான். அதற்காக ஆளில்லாத ஒவ்வொரு வீட்டிலும் ஜின்னைக் குடிவைக்க எங்களுக்கு யார் அதிகாரம் தந்தது? ஒரு வீட்டைப் பேய் வீடு என்று சொல்லும்போது அங்கே வாழ்ந்தவர்களின் பெயரை அழிக்கிறோம். பேய்க்கு உறுதி இல்லை, வாரிசு இல்லை, கச்சேரியில் வந்து முறைப்பாடும் செய்யாது. எடுப்பவனுக்கு வசதி.

குரல்பதிவு போட்டவருக்கு ஒரே ஒரு கேள்வி. மேசையில் கற்பனை வீட்டுக்குள் போன பிள்ளைகளைப் பார்த்து இவ்வளவு கோபம் வந்ததே, ஒழுங்கையில் உண்மை வீட்டின் கூரை கழன்றபோது ஏன் ஒரு குரல்பதிவும் வரவில்லை?

பெற்றோரே, உங்கள் பயத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. 1980களில் அமெரிக்காவிலும் இதே விளையாட்டுக்குச் சாத்தான் பெயர் சூட்டிக் கூச்சல் போட்டார்கள். அந்தக் கூச்சல் அடங்கிவிட்டது, விளையாட்டு இன்னும் நடக்கிறது. உங்களுக்குச் சந்தேகம் என்றால் இந்தச் சனிக்கிழமை வந்து பக்கத்தில் இருந்து பாருங்கள். கதிரை போடுகிறோம், பிளேன்டீயும் தருகிறோம். பிடிக்காவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், மனவருத்தம் இல்லை.

ஆனால் வீட்டுக்குப் போய் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஒழுங்கையில் வெறுமையாகக் கிடக்கிற வீட்டில் யார் இருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள், எந்த வருடம் எங்கே போனார்கள் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் வயதானவர்களிடம் கேளுங்கள். அவர்கள் இருக்கும் வரைக்கும்தான் அந்தப் பெயர்களும் இருக்கும்.

அந்தப் பிள்ளையின் உம்மம்மா புத்தளத்தில் உயிரோடு இருக்கிறார். வீட்டுக்கு முன்னால் நின்ற வேம்பு இன்னும் நிற்கிறதா என்று கேட்டாராம். நிற்கிறது என்று சொல்லியனுப்பினோம்.

வஸ்ஸலாம்.