ஜோடி கேட்காத ஜீவன்



ஆஸ்திரியாவில் கிளாகன்ஃபுர்ட் என்றொரு ஊர். அங்கே உள்ள ஊர்வனக் காட்சிச்சாலையில் பிபி, போல்டி என்று இரண்டு ராட்சத ஆமைகள் வாழ்ந்தன. 2012-ல் இவற்றுக்குள் வந்த சண்டை உலகப் பத்திரிகைகளில் செய்தியானது. இரண்டுக்கும் வயது ஏறக்குறைய 115. சிறு வயதிலிருந்தே ஒன்றாக இருந்தவை. சுவிட்சர்லாந்தின் பாசெல் காட்சிச்சாலையிலிருந்து சேர்ந்தே வந்தவை. ஒரு நாள் பிபி அம்மையார், போல்டியின் ஓட்டில் ஒரு துண்டைக் கடித்து எடுத்துவிட்டார். அதோடு விடவும் இல்லை, மறுபடி மறுபடி பாய்ந்தார். ஊழியர்கள் இரண்டையும் அருகருகே வைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள், விளையாட்டுக் காட்டினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் தனித்தனியாகப் பிரித்து வைத்தார்கள். பத்திரிகைகள் 'விவாகரத்து' என்று தலைப்புப் போட்டு மகிழ்ந்தன.

இதை இப்போது நினைவூட்டக் காரணம், வெளிநாட்டு வாசகர்களிடமிருந்து எனக்கு வரும் ஒரே மாதிரியான கேள்வி. லண்டனிலும் டொரொண்டோவிலும் தரை ஆமை வளர்ப்பதில் சட்டச் சிக்கல் பெரிதாக இல்லை. பிள்ளைகள் கேட்டார்கள் என்று ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். ஆறு மாதம் போகும். பிறகு, "தனியாகக் கிடக்கிறதே, பாவமாக இருக்கிறது சார், ஒரு ஜோடி பார்த்து விட்டுவிடலாமா?" என்று எழுதுகிறார்கள். கேட்பவர் மனசு எனக்குப் புரிகிறது. வீட்டில் ஒரு பிள்ளை தனியாக இருந்தாலே நமக்குப் பொறுக்காது. ஆனாலும் என் பதில் ஒன்றுதான்: வேண்டாம்.

தரை ஆமை துணை தேடும் ஜீவன் அல்ல. மேய்வதும் வெயில் காய்வதும் தூங்குவதும் அதற்குத் தனித்தனியாகத்தான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண், பெண்ணைத் தேடிப் போகும். வேலை முடிந்ததும் அதது தன் வழியில் போய்விடும். அந்தத் தேடலும் மென்மையானது அல்ல. வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் மத்தியதரைக்கடல் பகுதி ஆமைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹெர்மன் ஆமையின் ஆண், பெண்ணைச் சுற்றிச் சுற்றி வந்து காலைக் கடிக்கும். தொடையில் முள் போன்ற புடைப்பு உள்ள கிரேக்க ஆமையின் ஆண், தன் ஓட்டால் பெண்ணின் ஓட்டில் மோதும். 'டொக் டொக்' என்று அந்தச் சத்தம் தோட்டத்தின் மறுகோடி வரை கேட்கும். மத்திய ஆசியாவின் ஹார்ஸ்ஃபீல்ட் ஆமையும் இதில் சளைத்தது இல்லை.

காட்டில் பெண் ஆமைக்கு இதற்கெல்லாம் ஒரு பதில் இருக்கிறது: நடந்து போய்விடுவது. புதருக்குள் நுழைந்துகொள்ளும், சரிவில் இறங்கிவிடும். ஹெக்டேர் கணக்கில் நிலம் கிடக்கிறது. நாம் தோட்டத்தில் நாலு பலகையை நட்டு அடைப்புக் கட்டும்போது அந்த ஒரே பதிலைத்தான் அதனிடமிருந்து பறிக்கிறோம். மூலையில் மாட்டிக்கொண்டால் திரும்ப வழியில்லை. ஆண் விடாது. வசந்தம் முழுக்க, வெயில் ஏறிய ஒவ்வொரு நாளும் இதே கதை.

இப்படிப்பட்ட அடைப்பு ஒன்றை இயற்கையே கட்டி வைத்திருக்கிறது. வடக்கு மாசிடோனியாவின் பிரெஸ்பா ஏரியில் கோலெம் கிராட் என்று ஒரு தீவு. நம் கணக்கில் ஐம்பது ஏக்கர்கூடத் தேறாது. மேலே தட்டையான மேடு, சுற்றிலும் செங்குத்துப் பாறை. அதன்மேல் நூற்றுக்கணக்கில் ஹெர்மன் ஆமைகள். ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாக ஒவ்வோர் ஆமைக்கும் அடையாளமிட்டுக் கவனித்துவருகிறார்கள். அங்கே பெண்கள் மிகக் குறைவு. வளர்ந்த ஒரு பெண்ணுக்குப் பத்துக்கும் மேற்பட்ட ஆண்கள். துரத்தல் ஓய்வதே இல்லை. பெண் ஆமைகள் மெலிந்து, வால் பகுதியில் காயத்தோடு திரிகின்றன. பல ஆண்கள் ஒன்றாக நெருக்கும்போது பாறை விளிம்பிலிருந்து விழுந்து சாகவும் செய்கின்றன. பெண் சாகச் சாக, மிச்சமிருக்கும் பெண்கள் மீது நெருக்கடி இன்னும் கூடுகிறது. 2016-ல் வெளியான ஒரு கட்டுரையில் அந்த ஆய்வாளர்கள் இந்தத் தீவைச் சிறையோடு ஒப்பிட்டார்கள். ஐம்பது ஏக்கரிலேயே இந்தக் கதி என்றால், எட்டுக்குப் பத்தடி அடைப்பைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஜோடி சேர்க்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிப்பதில்லை. கையில் இருப்பது ஆணா பெண்ணா என்று முதலில் தெரிய வேண்டுமே! வளர்ந்த ஆணுக்கு வால் நீளம், வயிற்றுப் பக்க ஓடு உட்குழிந்திருக்கும். குட்டியில் இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. விற்பவர் அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள். கிரிமியப் போரின்போது பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் செல்லப்பிராணியாக இருந்து, பிறகு இங்கிலாந்தின் பவுடர்ஹாம் கோட்டைக்கு வந்து சேர்ந்த டிமோத்தி என்ற ஆமைக்கு 1926-ல் துணை சேர்க்கப் பார்த்தார்கள். அப்போதுதான் டிமோத்தி பெண் என்பதே தெரிந்தது. 2004-ல் சாகும்வரை அந்த அம்மாள் ஆண் பெயரோடுதான் இருந்தார். செயின்ட் ஹெலீனா தீவில் ஜோனத்தன் என்ற கிழட்டு ஆமைக்கு 1991-ல் ஃபிரெடெரிகா என்றொரு துணைவி வந்தாள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் குட்டி இல்லையே என்று ஊர் கவலைப்பட்டது. 2017-ல் மருத்துவர் பார்த்தபோது, ஃபிரெடெரிகா பெரும்பாலும் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்தது.

ஒரே இடத்தில் ஒரே ஈட்டில் பொரித்த இரண்டு குட்டிகளை 'அண்ணன் தங்கச்சி' என்று வாங்கி வருபவர்களும் உண்டு. மத்தியதரைக்கடல் ஆமைகளில் பாலினத்தை முடிவு செய்வது முட்டைக்குக் கிடைக்கும் சூடு. ஹெர்மன் ஆமை முட்டை 30 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஆண், 33 டிகிரியில் இருந்தால் பெண். ஒரே பெட்டியில் பொரித்த இரண்டும் அண்ணன் தம்பியாகவோ அக்கா தங்கையாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு ஆண்கள் வளர்ந்து மோதும்போது ஒன்று மற்றதைக் கவிழ்த்துவிடும். மல்லாந்த ஆமை உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தாலே உயிருக்கு ஆபத்து.

ஏற்கெனவே ஆணும் பெண்ணும் ஒரே அடைப்பில் இருக்கிறதா? இந்த வாரமே நடுவில் சுவர் எழுப்புங்கள். கம்பி வலையோ கண்ணாடியோ கூடாது. ஒன்றுக்கொன்று கண்ணில் படாத மரப்பலகையாக இருக்கட்டும். பார்த்துவிட்டால் ஆண் நாள் முழுக்கச் சுவரோரம் நடந்துகொண்டே இருக்கும். தனித் தண்ணீர்த் தட்டு, தனி ஒளிவிடம், தனி விளக்கு. குட்டி வேண்டுமென்றால் வசந்தத்தில் சிறிது நேரம் மட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு சேர்த்து விடலாம். நிறைய இடம் உள்ளவர்கள் ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் என்று வைக்கிறார்கள். அப்போதும் ஆணுக்குத் தனி அறை கட்டாயம். ஆண் ஒன்று, பெண் ஒன்று என்பது மிக மோசமான கணக்கு. இரண்டு வெவ்வேறு இனங்களைச் சேர்ப்பது அதைவிட மோசம். கிரேக்க ஆமை தன் உடலில் அமைதியாகச் சுமக்கும் ஹெர்பிஸ் வகை வைரஸ், ஹெர்மன் ஆமையைக் கொன்றுவிடக்கூடும்.

பிரித்துவிட்டோம், இனி முட்டை கிடையாது என்றும் நிம்மதியாகிவிடாதீர்கள். பெண் ஆமை ஆணின் விந்தை ஆண்டுக்கணக்கில் உடலில் சேமித்து வைக்கும். ஆணே இல்லாவிட்டாலும் கரு இல்லாத முட்டை இடும். தோண்டுவதற்கு ஆழமான, சூடான மண் இல்லையென்றால் முட்டையை அடக்கி வைத்துக்கொண்டு நோயில் விழும். சாப்பிடாமல் இங்கும் அங்கும் மண்ணைப் பறித்துக்கொண்டே இருந்தால் எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்த யோசனைகள் எதுவும் பயன்படாது, பயன்படவும் கூடாது. நம் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உலக நாடுகளும் 2019-ல் அதை, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்த்து வணிகத்தைத் தடுத்துவிட்டன. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பாட்டி சொன்ன ஊரில், இன்று அதிர்ஷ்டம் வரும் என்று அதை ரகசியமாக வாங்குகிறார்கள்!  யார் வீட்டிலாவது இருந்தால் அதற்கு ஜோடி தேட வேண்டாம், வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். பிடித்த இடம் தெரியாமல் நீங்களாகவே கொண்டுபோய்க் காட்டில் விடவும் வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்